அம்மன் கட்டும் முன்னே வெளியே போன முந்தானை

சிங்கப்பூர்,
சனிக்கிழமை

அன்புள்ள கமலாட்சி அக்காவுக்கு, இந்த நாட்டையே தோளில் தாங்கிக்கினு நிற்கும் தம்பி உதயகுமார் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி, பஞ்சாட்சரம் மாமாவின் இருமல், அகிலாவின் படிப்பு எல்லாம் எப்படி இருக்குது?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் மெயில். நெசவு டிசைனை ஏற்றினால், இது இன்னாருடையது என்று பிளாக்செயின் என்கிற பொதுக் கணினிப் பேரேட்டில் டோக்கனாக, அதாவது உரிமைச் சீட்டாக, பதிந்து தரும் வெப்சைட் ஒன்றைக் கட்டிக்கினு இருக்கிறேன். பதிந்ததைப் பிரம்மாவே வந்தாலும் அழிக்க முடியாது. நேற்று அது ஓடுகிறதா என்று பார்க்க, மாமா அனுப்பியிருந்த முந்தானை டிசைனை ஏற்றினேன். பயப்படாதே, சின்ன விஷயம்தான். சோதனைக்கென்று தனி இடம் இருக்குது. உன் அருமைத் தம்பி அவசரத்தில் நிஜ இடத்திலேயே பதிந்துவிட்டான். இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம்.

அது அம்மனுக்கு நெய்கிற புடவை. அவள் கட்டும் முன்னே வெளியார் கண் படக்கூடாது என்று தறிக்கே திரை போடுகிற மனுஷன் மாமா. "உனக்கு மட்டும்தாண்டா காட்டுறேன்" என்றார்.

சொல்லாமல் விட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் புடவையில் அம்மனைப் படம் பிடித்து நீ அனுப்புவாயே, அதை எப்படிப் பார்ப்பேன்? முந்தானையை இன்னும் நெய்யவில்லை என்றால் வேறு டிசைன் போடச் சொல்லுக்கா. அவர் சாப்பிட்டு முடித்தபின் சொல்லு.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. மேனேஜர் கூப்பிடுகிறார். மாமா திட்டுவதை ஆடியோவாக முழுசா அனுப்பு. இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

உன் தம்பி,
உதயன்