வெந்நீர் பட்ட இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நீ வரமாட்டேன் என்றாய். ஆனாலும் உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தது. இடது முன்கைத் தோலை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்துச் சுருட்டி, ஆண்குறியாக்கிக் கீழே பொருத்தியிருக்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்களாம். நர்ஸ் அடிக்கடி வந்து பேனா மாதிரி ஒரு கருவியை அதன்மேல் வைக்கிறார். உஸ்... உஸ்... என்று கேட்கிறது. “உங்க ரத்தம்தான், ஜோரா ஓடுது” என்றார். கையில் இருந்தது, வேறு இடத்தில் உயிரோடு இருக்கிறது அக்கா!

உன் வாலு

பிப்ரவரி 9

வாலுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? மார்பகத்தை எடுத்த ஆபரேஷனின்போதே பல்லைக் கடித்துக்கொண்டேன். தங்கை என்று இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். சட்டென்று மாற்றிக் கூப்பிடு என்றால் எப்படி? அதுவும் பஸ் ஓட்டுகிற கையிலிருந்தா எடுக்க வேண்டும்? கோபம் தீரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி நீ எழுதியதை மட்டும் மறுபடி மறுபடி படிக்கிறேன்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உடனே பதில் போட முடியாததற்குக் காரணம் உண்டு. உனக்கு எழுதிய அன்று மாலையே அது நீலம் பாரித்துவிட்டது. ரத்தம் திரும்பிப் போகிற குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டதாம். “காப்பாத்தப் பாக்கிறோம். போனாலும் போயிடலாம்” என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மறுபடி தியேட்டர். கண் விழித்ததும் நர்ஸ் கருவியை வைத்தார். உஸ் என்றது. இரண்டு பேருமே அழுதோம்.

இப்போது வேறு தொல்லை. அதற்குள் செய்து வைத்த புதுச் சிறுநீர்க்குழாயின் தையலில் ஓட்டை விழுந்து கசிகிறது. பலருக்கும் வருவதுதானாம், தானாக மூடாவிட்டால் இன்னொரு முறை தைக்க வேண்டும். அலுத்துப்போகிறது. ஆனால் ஏன் செய்துகொண்டோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

உன் வாலு

நவம்பர் 2

அன்புள்ள அக்கா,

ஓட்டையைத் தைத்த அன்று நீ வந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாயே, அதுவே எனக்குப் போதும். கசிவு நின்றுவிட்டது. பஸ்ஸும் ஓட்டுகிறேன்.

இன்று குளிக்கும்போது இடது கையில் சுரீரென்று சுட்டது. பார்த்தால், கை சுவரைப் பிடித்திருக்கிறது. ஒரு சொட்டுகூடப் படவில்லை. வெந்நீர் பட்டது கீழே! நரம்பு உள்ளே வளர்ந்து போய்ச் சேர்ந்துவிட்டது அக்கா. மூளைதான் இன்னும் கையிலேயே தேடுகிறது. தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றுவிட்டேன்.

உன் வாலு

நவம்பர் 10

வாலுக்கு,

பேங்க் கவுண்டரிலேயே பிரித்துப் படித்தேன். ஒரு உடம்புக்கு இதெல்லாம் செய்யத் தெரியுமா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பதறிப்போய், “யாருக்கு என்ன ஆச்சுங்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல, என் தம்பிக்கு உணர்ச்சி வந்துடுச்சு” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தத் ‘தம்பி’ என் காதிலேயே விழுந்தது.

உன் அக்கா