நீர்மூழ்கிக்கு அனுப்பாத செய்தி

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பாத என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய்விட்டது சேந்தமங்கலம் முழுக்கத் தெரியும். தீவனக் கடைக்காரருக்குத் தெரியும், முட்டை ஏற்ற வரும் லாரி டிரைவருக்குத் தெரியும், ஆத்தூரில் எங்கள் அண்ணனின் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்ப்பவர்களுக்குக்கூடத் தெரியும். உங்கள் ஒரே மகனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

தெரியாமல் வைத்திருப்பது நான்தான். ஊரில் இதைப் பற்றி நிறையப் பேச்சு ஓடுகிறது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும். உங்கள் மகன், என் வீட்டுக்காரர், படிக்க வழியில்லை. எந்தக் கடலில், எந்த ஆழத்தில் இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

கடற்படையில் அவர் நீர்மூழ்கிக் கப்பலுக்கு மாறிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று என்னிடம் என்ன கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? "ஏஞ் சாமி, கப்பல்னா மெதக்கோணும். முழுகறத எதுக்குக் காசு குடுத்துக் கட்டறாங்க?" அவர் லீவில் வந்ததும் அதே கேள்வியை அவரிடம் போட்டீர்கள். அவரும் பொறுமையாகத் தாளில் படம் வரைந்தார். வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவில் தொட்டிகள். தொட்டியில் கடல்நீரை விட்டால் கனம் கூடி இறங்கும். அழுத்தி வைத்திருக்கும் காற்றைத் திறந்து நீரை வெளியே தள்ளினால் ஏறும். நீங்கள் தாளை ஏறெடுத்தும் பார்க்காமல் நம் கோழிப் பண்ணைக்குப் போய் மூன்று முட்டைகளோடு வந்தீர்கள்.

அன்று இட்டது ஒன்று, சில நாள் ஆனது ஒன்று, எங்கோ மூலையில் மறந்து கிடந்தது ஒன்று. வாளித் தண்ணீரில் விட்டதும் முதல் முட்டை அடியில் படுத்துக்கொண்டது. இரண்டாவது அடியிலேயே நட்டுக்கொண்டு நின்றது. மூன்றாவது மிதந்தது. "நாளாக நாளாக ஓட்டு வழியா ஈரம் போயிருது, காத்து பூந்துக்குது. அதான் மெதக்குது. உங்குளுதும் இதேதானா?"

"இதேதானுங்கப்பா. தண்ணி போயிக் காத்து வந்தா மேல. காத்து போயித் தண்ணி வந்தா கீழ."

"அப்பறம் எதுக்குடா படம் போட்டுட்டு இருந்த?" என்றீர்கள். நான் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. ஆனால் நீங்கள் சிரிக்கவில்லை. மிதந்த முட்டையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "முட்டை மெதந்தா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நீங்க மெதந்தா?" என்று கேட்டீர்கள்.

"ஊட்டுக்கு வாரோம்னு அர்த்தமுங்க" என்றார்.

அதன் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. அவர் லீவில் வரும்போதெல்லாம் உட்காரவைத்து விசாரணைதான். உள்ளே எப்படி மூச்சு விடுகிறீர்கள், எப்படிச் சமைக்கிறீர்கள், குளிக்கத் தண்ணீர் உண்டா? ஆழத்தில் டீசல் இன்ஜினை ஓட்ட முடியாது, அதற்குக் காற்று வேண்டும், அதனால் பேட்டரியில் ஓடுகிறோம் என்றார். பேட்டரி இறங்கினால் மேலே வந்து, ஒரு குழாயை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக் காற்றை இழுத்து, இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். எதிரி கண்ணில் படுவது அப்போதுதான். சார்ஜ் போடுவதற்குப் பயப்படும் அளவுக்கு என்ன பெரிய வேலை என்று நீங்கள் நொடித்துக்கொண்டீர்கள்.

பெரிய வேலைதான் என்பதை அவர் பழைய போர்களைச் சொல்லிப் புரியவைத்தார். இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் இங்கிலாந்துக்குச் சாப்பாடு கொண்டுபோன கப்பல்களை மூழ்கடித்து, ஒரு நாட்டையே பட்டினி போடப் பார்த்தன. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் நம் விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஒன்று விசாகப்பட்டினம் வரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே மூழ்கியது. அதே போரில் சில நாள் கழித்து மேற்குக் கடலில் அவர்களுடைய இன்னொரு நீர்மூழ்கி நம் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால்தான் ஒரு நீர்மூழ்கிக்காக ஒரு கடற்படையே அலைய வேண்டியிருக்கிறது என்றார்.

நீங்கள் உடனே பிடித்துக்கொண்டீர்கள். "ஊட்டுக்குள்ள பாம்பு பூந்துருச்சுன்னு சொன்னாப் போதும். பாம்பே வேண்டியதில்ல, எல்லாரும் வாசல்லதான் நிப்பாங்க." அவர் இதைத் தன் கேப்டனிடம் சொல்லி, கேப்டனும் ரசித்தாராம்.

ஆனால் உங்கள் மனது அந்தப் பாம்பில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, விசாகப்பட்டினத்தில் மூழ்கியதில் இருந்தவர்களின் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று கேட்டீர்கள். எதிரி நாட்டுக்காரர்கள்தானே என்று நான் சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். "அவங்களுக்கே தெரிய நாளாச்சுங்கப்பா. உள்ள போனது பேசாது. பேசுலீன்னா நல்லா இருக்குதுன்னுதான் நெனப்பாங்க" என்றார் அவர்.

பிறகு அர்ஜென்டினாவின் நீர்மூழ்கி காணாமல் போனது. கடற்படைத் தளத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் நிற்பதை டிவியில் காட்டினார்கள். அன்று நீங்கள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டீர்கள். ஒரு வருடம் கழித்து அது கடலடியில் கிடைத்த செய்தி வந்தபோது, "செத்துட்டான்னு சொன்னாக்கூட அழுது முடிச்சரலாம். ஒண்ணுமே சொல்லாம உட்டா அவங்க என்ன பண்ணுவாங்க சாமி?" என்றீர்கள். என் வீட்டுக்காரரும் அப்போது உள்ளேதான் இருந்தார்.

கடைசியாக அவர் வந்திருந்தபோது நடந்த பேச்சுக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன், தான் கடலுக்குள் இருக்கும்போது வீட்டில் நல்லது நடந்தால் சொல்லி அனுப்புங்கள், கெட்டது நடந்தால் கரையேறும்வரை வேண்டாம் என்றார். விசாகப்பட்டினத்துக் கடற்படைத் தளத்திலும் அப்படியே சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணு ஆனா எம்பையன் அழோணும். எங்க இருந்தாலும் அழோணும். அதக்கூடச் சர்க்காரு புடுங்கிக்குமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆழத்துக்குச் சாதாரண ரேடியோ எட்டாது என்றார். திருநெல்வேலிப் பக்கம் வானளாவக் கம்பங்கள் நட்டு அனுப்புகிற ஒருவகை அலை மட்டும் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் இறங்கும். அதில் செய்தி வரும், ஆனால் இவர்கள் திருப்பி ஒரு வார்த்தை அனுப்ப முடியாது. அனுப்பினால் இருக்கும் இடம் தெரிந்துபோகும். "கேட்டுட்டு நான் என்னுங்க பண்ணுவேன்? நான் எந்திரிச்சா அடுத்தவன் படுக்கற கட்டில் அது. அங்க அழுகக்கூட எடமில்லீங்க."

அப்புறம் தன் வேலையைச் சொன்னார். ஆழத்தில் வெளிச்சமும் இல்லை, ஜன்னலும் இல்லை. தண்ணீரில் வரும் சத்தத்தைக் கேட்டுத்தான் எது மீன்பிடிப் படகு, எது சரக்குக் கப்பல், எது எதிரி என்று பிரிக்க வேண்டும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்கிறவர்களில் உங்கள் மகனும் ஒருவர். "எங்காதுல உங்க நெனப்பு இருந்தா, நான் எதையாவது கேக்காம உட்ருவேன். கூட இருக்கறவங்களுக்கும் அப்பா அம்மா இருக்கறாங்கல்லங்க?"

அப்பனும் மகனும் ஒரு முடிவுக்கு வராமலே ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனீர்கள். நான் காபி டம்ளர்களைக் கழுவப் போட்டேன். அந்த முடிவு என் தலையில் வந்து விழும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அவர் கடலுக்குள் போன பிறகு ஒருநாள், பண்ணை ஷெட்டில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். உங்கள் தம்பி, எங்கள் சின்ன மாமா, முதல் வேலையாக என்னிடம்தான் வந்தார். "கொமரேசனுக்குச் சொல்லீட்டியா அம்மிணி? அவன் வர்ற வரைக்கும் பொட்டியிலயே வெச்சிருக்கலாம்."

அவர் வர முடியாது என்றேன். கூடியிருந்தவர்களுக்கு அது ஏறவில்லை. "அமெரிக்காவுல இருக்கறவனே ரெண்டு நாள்ல வந்துடறான், இந்தா இருக்கற விசாகப்பட்டணத்துல இருந்து வர முடியாதா?" என்றார் சின்ன மாமா. கொல்லிமலை உச்சியிலேயே டவர் கிடைக்கிறது, கடலுக்குள் ஒரு போன் எட்டாதா என்று ஒரு அக்கா கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் வாளியும் முட்டையும் வைத்து அவர்களுக்குப் பாடம் எடுத்திருப்பீர்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்த நேரத்தில்தான், நான் தகவல் சொல்லிவைத்திருந்த தளத்திலிருந்து அதிகாரி ஒருவர் போன் செய்தார். செய்தியை அனுப்பினால் கேப்டன் கைக்குப் போகும், எப்போது சொல்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார், ஆனால் கப்பல் அதற்காகத் திரும்பாது என்றார். உங்கள் கணவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நீங்கள் அனுப்பச் சொன்னால் யோசிக்கிறோம் என்றும் சொன்னார். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன், மாமா. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"வேண்டாங்க" என்றேன்.

சின்ன மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாலையில் உங்களுக்குக் கொள்ளி வைத்தது அவர்தான். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் குளித்துவிட்டுப் போனார். பெற்ற மகனுக்குச் சொல்லாமல் மறைத்த மருமகள் என்று காதுபடவே பேசினார்கள். மறைத்தேன்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

உங்கள் பேச்சை ஏன் தட்டினேன்? கடலுக்குள் எத்தனை பேரின் உயிர் அவர் காதில் இருக்கிறது என்று தெரிந்ததாலா? அவர் அங்கே தனியாகக் கிடந்து அழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாததாலா? இரண்டும்தான். எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

இங்கே எல்லாம் நடக்கிறது. புதுக் குஞ்சுகள் இறக்கியாகிவிட்டது. முட்டை விலை நீங்கள் இருந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் தேவலை. சின்ன மாமா பேசாவிட்டாலும் காலையில் ஒருமுறை வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நேற்று தளத்திலிருந்து மறுபடி போன் வந்தது. இந்த வாரத்தில் கரை சேருகிறார்கள். கரையேறியதும் அவர் முதல் போனை உங்களுக்குத்தான் போடுவார். அப்படி உங்கள் போனுக்கு வந்து, அதை நான் எடுத்து, அவர் 'அப்பா' என்று ஆரம்பிப்பதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சேலத்தில் நாளைக்கு ரயில் ஏறுகிறேன். துறைமுக வாசலில் நிற்பேன்.

டிக்கெட் எடுத்ததைக் கேள்விப்பட்டுச் சின்ன மாமா வந்தார். "நானும் வாரேன் சாமி. நீ சொல்ல வேண்டாம், நாஞ் சொல்றேன்" என்றார்.

"இல்லீங்க மாமா. வேண்டாம்னு சொன்னது நான். சொல்றதும் நானே சொல்லிடறேன்" என்றேன்.

"அவன் உம்மேல கோவப்பட்டா?"

கோபப்படுவார், மாமா. சொல்லாதே என்றவர்தான், ஆனாலும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். கேட்கட்டும்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்த உலகத்தில் நீங்கள் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு இடத்தில். கடலுக்கு அடியில், உங்கள் மகனின் மனதுக்குள். நீங்கள் பண்ணையில் நடமாடிக்கொண்டிருப்பதாக, யாரையோ பிடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் போய் வாய் திறந்ததும் அங்கேயும் நீங்கள் இல்லாமல் போவீர்கள். உங்களை இன்னொரு முறை சாகக் கொடுக்கத்தான் ரயில் ஏறுகிறேன் போலிருக்கிறது. அதனால்தான் இன்று முழுக்க ஒரு துணியும் மடித்து வைக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் போகிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மாமா. துறைமுக வாசலில் எத்தனை பேர் பார்த்தாலும், யூனிபார்மில் இருந்தாலும், உங்கள் பையன் அழுது முடிக்கும்வரை நான் அவரைத் தேற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டிய மருமகள்,
கோமதி