தப்படிக்கச் சொன்ன ஐயாவுக்கு

ஊசிமலைத் தோட்டம், மேல் லயம்,
உடப்புசல்லாவை ரோடு.
12.8.1961

மதிப்புக்குரிய இன்ஸ்பெக்டர் மகாலிங்கம் ஐயா அவர்களுக்கு, மாயாண்டி பெஞ்சாதி பேச்சியம்மா கும்புட்டு எழுதுறது. மட்டக்களப்புல நீங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சொகமா இருப்பீங்க. இங்க நாங்க சொகமா இல்ல. சொகம்னு எழுதுறதுதான் வழக்கம், ஆனா பொய் எழுத எனக்கு இப்ப மனசு வரல.

கனகாம்பிகை டீச்சர் எழுதித் தாறேன்னாங்க. போன கடுதாசிய அவங்கதான் எழுதுனாங்க. அவங்க எழுதுனா நல்ல தமிழா வருது, என் கோவம் வர மாட்டேங்குது. அதான் லயத்துப் பள்ளிக்கூடத்துல படிச்ச அரைகுறை எழுத்துல நானே எழுதுறேன். கோணல்மாணலா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிங்க.

பதில்ல நீங்க என்னா எழுதியிருந்தீங்க? பொறுமையா இருக்கணும், புது இன்ஸ்பெக்டரோட ஒத்துழைக்கணும், மாத்தலாகிப் போனவர் பழைய ஊர் விசயத்துல தலையிட முடியாதுன்னு. ஒத்துழைச்சதாலதான் ஐயா என் புருசன் இன்னைக்கு ரிமாண்டுல கெடக்காரு.

மறந்துட்டீங்கன்னா ஞாபகப்படுத்துறேன். டவுன்லயும் லயத்துலயும் ஆடு மாடு களவு போகுதுன்னு மாரியம்மன் கோயில் வாசல்ல நீங்கதான் கூட்டம் போட்டீங்க. கடைக்காரங்க, தோட்டத்துச் சனம், பேக்கரி பியதாச முதலாளி எல்லாரும் இருந்தோம். பொலிசும் சனமும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரின்னு சொன்னீங்க. காலையில தப்படிச்சு, வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குச் சனத்தைக் கூப்பிடுற மாயாண்டியை முன்னால கூப்பிட்டு, களவாணி வந்தா தப்பை அடி, சனம் ஓடி வந்து வளைச்சு நிக்கட்டும், யாரும் கை வைக்கக் கூடாது, சத்தம் கேட்டு நாங்க வந்துருவோம்னு சொன்னீங்க. அதோட விட்டீங்களா, லயத்துல நாங்க குடியிருக்குற காம்பராவுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சீங்க. அன்னைக்கு முழுக்க இவருக்குத் தலைகால் புரியல. நீங்க குடிச்ச கெளாசை வேற யாருக்கும் குடுக்க விடல.

போன மாசம் எல்லாரும் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த நேரம். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட கால்காயத்தோட இவரு மட்டும் லயத்துல கெடந்தாரு. ரெண்டு பேர் லொறியோட வந்து அம்மாக்கண்ணு அக்காவோட சினைமாட்டை அவுத்து ஏத்துனானுங்க. இவரு நொண்டிக்கிட்டே போய் தப்பை எடுத்து அடிச்சாரு. மலையே கூடையைப் போட்டுட்டு ஓடியாந்துச்சு. கீழ டவுன்ல இருந்து பியதாச முதலாளியும் மாவுக் கையோட ஓடியாந்தாரு. லொறியை வளைச்சு நின்னோம். ஒருத்தன் மேல ஒரு அடி விழல. நீங்க சொன்னபடிதான் நடந்தோம்.

தப்புச் சத்தம் கேட்டு பொலிஸ் வரல. வேலையை நிப்பாட்டிட்டு கலகம் பண்றானுங்கன்னு தோட்டத்துத் தொரை டெலிபோன் போட்டாரு, ஒடனே ஜீப் வந்துச்சு. புது இன்ஸ்பெக்டர் களவாணிகளை ஒண்ணும் கேக்கல. தப்பை அடிச்சது யாருன்னு கேட்டாரு. இவரு, நான்தாங்க ஐயான்னு முன்னால போய் நின்னாரு. பாராட்டப் போறாங்கன்னு நெனச்சிருப்பாரு, பாவி மனுசன். அந்த ரெண்டு பேரும் மாட்டை வெலைக்கு வாங்கினோம்னானுங்க, மாட்டோடயே போகச் சொல்லிட்டாரு. முதலாளி சிங்களத்துல எவ்வளவோ எடுத்துச் சொன்னாரு. போய் ரொட்டி சுடுற வேலையைப் பாருன்னு வெரட்டிட்டாங்க. தப்பையும் இவரையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆள் சேத்து வேலையைக் குழப்பினான்னு கேசு. வார மாசம் முதல் வெள்ளி நுவரெலியா கோட்டுல விசாரணை. குத்தம்னு தீர்ந்தா வேலையை விட்டு நிப்பாட்டுற பத்துச்சீட்டைக் கையில குடுத்து காம்பராவை விட்டு வெரட்டிருவேன்னு தொரை இப்பவே சொல்லியாச்சு. இந்த மலையை விட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. எங்களுக்காகக் கேசு பேசுற லோயர் ஐயா சொல்றாரு, தோட்டத்துச் சனம் எத்தனை பேர் சொன்னாலும் பேசி வச்சுச் சொல்றாங்கன்னு தள்ளிருவாங்களாம். அடிக்கச் சொன்ன இன்ஸ்பெக்டர் வந்து சொன்னா கேசு நிக்காதாம். நான்தான் அடிக்கச் சொன்னேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் ஐயா. அதுக்குப் பேரு தலையிடுறதா?

பியதாச முதலாளி பேக்கரியைப் பூட்டிட்டு சாச்சி சொல்ல வாறேன்னு நிக்கிறாரு. இந்த வம்பு அவருக்கு என்னாத்துக்கு? அவரு வாறாரு. காக்கி போட்ட நீங்க யோசிக்கிறீங்க.

போன செவ்வாக்கெழம பட்டப்பகல்ல ஒருத்தன் கீழ் லயத்துல பூந்து ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிட்டுப் போனான். பக்கத்து மலையில நின்ன எல்லாரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். யாரும் வாயைத் தொறக்கல. அவன் ஓடக்கூட இல்ல, நடந்துதான் போனான். ஒரே வீட்டு ஆளுங்கன்னு நீங்க சொன்ன சனம் இப்ப இப்படித்தான் இருக்கு.

ஒங்களைச் சபிக்கணும்னுதான் எழுத ஒக்காந்தேன். எங்க வீட்டுத் தேத்தண்ணியைக் குடிச்ச ஆளை எப்படிச் சபிக்கிறது. ஒங்க வீட்டுல ஒரு ஆபத்துன்னு நீங்க குரல் குடுத்தா நாலு பேர் ஓடி வரணும். ஓடி வந்தவங்க பொழுதோட அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகணும். மாரியம்மன்கிட்ட அப்படித்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன்.

வார மாசம் முதல் வெள்ளி நுவரெலியா கோட்டு வாசல்ல ஒங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கப் போற,
பேச்சியம்மா