மூன்றாம் தடவை வேண்டாம்

தூத்துக்குடி
14.11.79

அன்பு மகள் தங்கத்தாய்க்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே எப்படி இருக்கிறீர்கள். ஐப்பசி மழை இன்னும் விட்டபாடில்லை, உப்பளமெல்லாம் தண்ணீர், அப்பா துறைமுகத்துக்கு நனைந்துகொண்டேதான் வேலைக்குப் போய் வருகிறார். உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் கரு உண்டாக்கி உள்ளே வைக்க, வயிற்றில் துளை போட்டு மறுபடியும் கருமுட்டை எடுக்கத் தை மாதம் வரச் சொல்லுகிறார்கள், என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

முதல் தடவை எடுத்தபோது முட்டை உருண்டையாய், தெளிவாய், பார்க்கவே அழகாய் இருக்கிறதென்று மெல்போர்ன் டாக்டர் சந்தோஷப்பட்டதாய் எழுதினாய். மாப்பிள்ளை அதைத் தன் அம்மாவுக்கும் எழுதிவிட்டார். முட்டை நன்றாயிருந்தால் பிள்ளை உண்டான மாதிரிதான் என்று உன் மாமியார் முடிவு கட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, வளையலும் வாங்கி வைத்தாள். கரு தங்கவில்லை என்று தெரிந்ததும் தெருவில் தலைகாட்ட முடியாத ஆத்திரமெல்லாம் உன் மேல் திரும்பியது. வெதநெல்லு நல்லாத்தான் இருந்திருக்கு, வயல்லதான் கோளாறுன்னு என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். இரண்டாம் தடவை முட்டை கறுத்துப் பொடிப்பொடியாய்த் தெரிகிறதாம், கண்ணாடிக் கிண்ணத்திலேயே வளராமல் போய்விட்டதாம் என்றதும், பாத்தேளா மதினி, முட்டையே சொத்தைன்னு சொன்னாள். தெளிவாய் இருந்தாலும் குற்றம் உன் மேல், கறுத்திருந்தாலும் குற்றம் உன் மேல். அவள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

போன வெள்ளிக்கிழமை உன் மாமியார் ஆத்தூர் வெற்றிலையோடு இங்கே வந்து உட்கார்ந்து, மூணாவது தடவைக்கு ஒங்க மக சம்மதிக்கட்டும், இல்லன்னா எம்மவனுக்கு வேற இடம் பாப்பேன்னு சொல்லுதா. எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குப் போட்ட காப்பியைக் கொடுக்காமலே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாளே டாக்டரம்மா அற்புதமணியைப் போய்ப் பார்த்தேன். முட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர்கள் ஓர் அனுமானம் சொல்கிறார்கள், அவ்வளவுதான், அழகாயிருப்பது தங்காமலும் போகும், சுமாராயிருப்பது பிள்ளையாகவும் ஆகும், இன்னும் யாருக்கும் நிச்சயமாய்த் தெரியாது, இதுல ஒங்க மக குத்தம்னு ஒண்ணுமே இல்லன்னு சொன்னார். அப்புறம்தான் நீ கடிதத்தின் மூலையில் ஒரு வரியில் எழுதியிருந்ததைச் சொன்னேன், போன தடவை உள்ளே சீழ் வைத்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அதைத்தான். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வயித்துல மறுபடி கை வைக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்தாயிரும், இன்னைக்கே எழுதிப் போடுங்கன்னார்.

ஏளா, டாக்டர் முதல் உன் மாமியார் வரை எல்லாரும் உன் முட்டையைப் பார்த்தார்கள், உன்னை யார் பார்த்தார்கள்? இப்படிப்பட்ட காய்ச்சலை ஒரு வரியில் எழுதி மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்கும் பேரப்பிள்ளை ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு எஸ்றாவின் பிள்ளை தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தால் கைவேலையைப் போட்டுவிட்டுத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அதற்கு விலையாக உன்னைக் கொடுக்க நான் தயாரில்லை. நேற்று அப்பா ஸ்ரீவைகுண்டம் போய், எங்க பிள்ளை இனி அந்த ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டா, நீங்க செய்றத செஞ்சுக்கிடுங்கன்னு சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை உன் பக்கம் நின்றால் இரண்டு பேரும் அங்கேயே நன்றாய் இருங்கள். நிற்கவில்லையென்றால் புறப்பட்டு வந்துவிடு, ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீ செத்துப்போனால் அவளுக்கு இன்னொரு மருமகள் வருவாள். எனக்கு மகள் எங்கிருந்து வருவாள்?

திருச்செந்தூரான் உன்னை நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும். ஆஸ்பத்திரியில் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே, தாயி.

உன் அம்மா
இசக்கித்தாய்