காற்றுப் பக்கத்து வாங்கு

சம்மந்தி,

காலையில் களஞ்சிய அறைக்குள் பேத்தியின் பனிச்சப்பாத்தைத் தேடினேன். அன்று புயலில் வண்டியைக் கட்டின அந்தச் செம்மஞ்சள் பட்டி கையில் தட்டுப்பட்டது. இன்னும் கடல் நாற்றம் போகவில்லை. உங்களை நினைத்தேன். கோபம்தான் வந்தது.

இங்கே நோர்வேயில், பிள்ளைகளின் பியோர்ண்டால் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, திருத்தி முடியும்வரை என் மகனும் உங்கள் மகளும் எங்களைக் கடற்கரையில் கரவன் என்கிற ஒரு வீட்டு வண்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் வேலைக்குப் போனால் பத்து மாதப் பேத்தி குஞ்சுவும் நாம் இருவரும்தான். கலியாண வீட்டில் நான் தந்த சேலையைச் சபையில் விரித்துப் பார்த்து, "இதை எங்கடை வீட்டு வேலைக்காரியும் உடுக்கமாட்டாள்" என்றீர்களே, அன்றோடு நமக்குள் பேச்சில்லை. எல்லாம் குஞ்சு வழியாகத்தான்.

"குஞ்சு, உன்ரை அப்பம்மாவைக் கேள், தேத்தண்ணி வேணுமோ எண்டு."

"குஞ்சு, சொல்லு, அம்மம்மாவின்ரை தேத்தண்ணி கழுநீர் எண்டு."

அவள் வீணீர் வடியச் சிரிப்பாள்.

அங்கே ஒருநாள் மத்தியானம் புயல். முன்னால் கட்டியிருந்த கூடாரம் கிழிந்து பறந்தது. நீங்கள் யன்னலால் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொன்னீர்கள்: "குஞ்சு, அப்பம்மாவிட்டைச் சொல்லு, வண்டியைக் கட்டின பட்டி ஒண்டு கழண்டுபோச்சு எண்டு." பிள்ளையிடம் சொல்லிவிடுகிற செய்தியா அது? அதற்குள் வண்டியின் ஒரு பக்கச் சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பியது. தட்டில் இருந்த கோப்பைகள் எல்லாம் விழுந்து நொறுங்கின.

"சம்மந்தி! இஞ்சாலை வாங்கோ! காத்துப் பக்கம் பாரம் வேணும்!"

அது உங்கள் குரல். பாய்ந்து வந்து அந்தப் பக்கத்து வாங்குப் பலகையில் உங்களை ஒட்டி இருந்தேன். இரண்டு பேர் மடியிலுமாகக் குஞ்சு. உங்கள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. பக்கத்து வண்டி நோர்வேக்காரர் வந்து இந்தப் பட்டியை வண்டிக்கு மேலால் எறிந்து கட்டும்வரை நாம் அசையவில்லை.

காற்றுத் தணிந்ததும், "குஞ்சு, அப்பம்மாவைத் தள்ளி இருக்கச் சொல்லு" என்றீர்கள். பிறகு குறொன்லாண்ட் மரக்கறிக் கடையில் நின்று, என்னைப் பற்றி, "பயத்திலை அவதான் முதல் கதைச்சவ" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சனமெல்லாம் நம்பியது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்மூடுமுன் கடைசியாகப் பார்த்தபோதும், கட்டிலடியில் நின்ற குஞ்சுவிடம்தான், "அப்பம்மாவை இருக்கச் சொல்லு" என்றீர்கள். என் முகம் பார்த்துச் சொல்லியிருந்தால் இருந்திருப்பேன். நின்றபடியே திரும்பி வந்தேன்.

வெளியே காற்று. இப்போதும் காற்று எழும்பினால் நான் காற்றுப் பக்கமாகத்தான் போய் இருக்கிறேன், பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு. குஞ்சு பாலர் பள்ளிக்குப் போய்விட்டாள். நடுவில் ஆளில்லை. நேரே சொல்கிறேன்.

முதலில் கதைத்தது நீங்கள், சம்மந்தி.