முதல் கட்டத்தில் எழுதிய ஊர்

பிள்ளைப்பாக்கம்
9.5.2004, ஞாயிறு

அன்புள்ள மகள் கலைமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஹூஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கவியாவும் சுகம் என்பதை உன் மாமியார் சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்ற பெண்ணின் சுகத்தைப் படப்பை பஸ் நிறுத்தத்தில் நின்று சம்பந்தியம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது, அதைப் பிறகு எழுதுகிறேன். நீ போன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா இன்னமும் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேப்பர் படிக்கிறார். காரணம் கேட்டால் அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்கிறார்.

அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியையும் கழற்றியாகிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக் கரையில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன், போன வாரம் அந்தப் பக்கம் போய்வந்து சரியாகச் சாப்பிடவில்லை, ஏரிக்குள்ளே மாடு மேய்கிறதாம். நாளை ஓட்டுப் போடும் நாள், நேற்று மாலையோடு ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில்தான் வாக்குச்சாவடி. மேற்குப் பக்கத்து நிலங்களை அளக்க மறுபடி ஆள் வந்து போகிறார்கள், இந்த முறை எந்தக் கம்பெனிக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாடி அறைகளுக்கு வெள்ளை அடித்தோம். அதில் ஒரு கதை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

போன மாதம் மாப்பிள்ளை அனுப்பிய கவர் வந்தது. பிரித்தால் நான்கு பக்கம், கம்ப்யூட்டரில் எடுத்த ஆங்கிலத் தாள்கள். கடிதம் இல்லை, நலமா என்று ஒரு வரி இல்லை. மூன்றாவது பக்கத்தில் மட்டும் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் தப்புக்கு நான் போட்ட அதே கோடு. யார் எடுப்பார்கள், எது கிடைக்கும் என்று ஊகம் செய்யாமல் உங்களுக்கு உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் எழுதுங்கள், வேறு விதமாக எழுதுவதால் லாபம் இல்லை என்பது அந்த வரி. தாண்டவராயன் என்று தாத்தாவின் நீளப் பெயரை வைத்துக்கொண்டிருந்தாலும் அவர் வார்த்தையை வீணாக்காதவர் என்று உன் கல்யாணத்தின்போதே சொன்னார்கள், அது சரிதான். அப்பா அந்தத் தாள்களை வாங்கி மடித்து வைத்துவிட்டு, விடு சுந்தரா, அவருக்கும் வேதனை இருக்குமில்லையா என்று என்னிடம் சொன்னார். எனக்கு விட முடியவில்லை. நான்கு பக்கத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தேன்.

பிப்ரவரி மாதம் நீ போனில் கேட்டது நினைவிருக்கிறது. புது டாக்டர்கள் தங்களுக்கு வேண்டிய ஆஸ்பத்திரிகளை வரிசையாக எழுதித் தர வேண்டும், ஆஸ்பத்திரிகள் தங்களுக்கு வேண்டிய டாக்டர்களை வரிசையாக எழுதித் தரும், கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்த்து யாருக்கு எங்கே பயிற்சி என்று சொல்லிவிடும், சொன்ன இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றாய். மாப்பிள்ளை இருக்கிற ஹூஸ்டனை முதலில் எழுதுவதா, நேர்முகத்திலேயே உன்னைப் பிடித்துப்போய்த் தாமாகவே போன் செய்த அந்த வடக்கு டகோட்டாக்காரர்களை முதலில் எழுதுவதா என்று குழம்பிக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை ஹூஸ்டனை எழுது என்றார். நான் நாற்பது நிமிஷம் பேசி உன்னை மாற்றினேன். முதல் கட்டத்தை ஆசைக்குக் கொடுக்காதே, நிச்சயமாகக் கிடைப்பதற்குக் கொடு என்றேன். கம்ப்யூட்டர் எப்படிப் பொருத்துகிறது என்று நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாப் பட்டியலும் ஒரே பட்டியல் என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் மாதம் முடிவு வந்தபோது உனக்கு டகோட்டாதான் விழுந்தது.

அந்தப் பாடத்தை நான் எங்கே படித்தேன் என்பது உனக்கே தெரியும், ஐந்து வயதிலிருந்து அதை அனுபவித்தவள் நீ. மதுராந்தகத்துக்கு அப்பால் நான் வேலையில் இருந்தபோது மாறுதலுக்கு விண்ணப்பம் போட்டேன். விண்ணப்பத்தில் மூன்று கட்டம், மூன்று ஊர் எழுத வேண்டும். நான் கள்ளமில்லாமல் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், படப்பை என்று மனதில் இருந்த வரிசையிலேயே எழுதினேன். அந்த நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்றால், ஒவ்வொரு ஊரையும் முதல் கட்டத்தில் எழுதியவர்களுக்கு முதலில் கொடுத்து முடித்துவிடுவார்கள். மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் கட்டத்தைப் பார்ப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் என்னைவிட மூத்தவர்களுக்குப் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைப்பாக்கம் என்னைவிட நான்கு வருடம் இளைய பாஞ்சாலிக்குப் போனது, அவள் அதை முதல் கட்டத்தில் எழுதியிருந்தாள் என்ற ஒரே காரணத்தால். படப்பையும் அதே மாதிரி போய்விட்டது. தலைமையாசிரியை கிளியம்மாள், உண்மையை எழுதச் சொல்லி உன்னை யாரடி கேட்டார்கள் என்று திட்டினார். ஏழு வருடம் சனிக்கிழமை மத்தியானம் வந்து திங்கட்கிழமை விடியுமுன் பஸ் ஏறினேன். நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தம் வரை வருவாய், முதல் வருடம் அழுவாய், பிறகு அழுவதை விட்டுவிட்டாய். ஏழாம் வருடம் பிள்ளைப்பாக்கத்தை முதல் கட்டத்தில் எழுதினேன், உடனே கிடைத்தது. அப்படிப் படித்த பாடத்தை நான் எப்படி மறப்பேன். என்னைப்போல நீ ஏமாறக் கூடாது என்றுதான் சொன்னேன்.

ஆனால் உங்கள் ஊர் முறை வேறாம். கம்ப்யூட்டர் உன் பட்டியலின் முதல் ஆஸ்பத்திரியைக் கேட்குமாம், இடம் இருந்தால் உன்னை அங்கே தற்காலிகமாகத்தான் உட்கார வைக்குமாம். அந்த ஆஸ்பத்திரி உன்னைவிட விரும்புகிற இன்னொருவர் பிறகு வந்தால் உன்னை எழுப்பிவிடும், நீ அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவாய். இரண்டாவதாகத்தானே எழுதினாய் என்று அங்கே உன்னைத் தள்ளமாட்டார்கள். ஏற்கனவே உட்கார்ந்திருப்பவரைவிட உன்னை அவர்கள் விரும்பினால் அவர் எழுந்து உனக்கு இடம் விட வேண்டும். எல்லாரும் ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் முடிவு. ஒன்பது நாள் படித்ததில் எனக்கு நெஞ்சை அறுத்தது இதுதான், கலை. ஹூஸ்டனை முதலில் எழுதி அது கிடைக்காமல் போயிருந்தாலும் டகோட்டா உனக்காக அப்படியே இருந்திருக்கும். ஹூஸ்டன்காரர்கள் பத்து இடத்துக்கு எழுதிய பட்டியலில் உன் பெயர் ஒன்பதாவது, பதினான்காவது பெயர் வரை இறங்கிப் போய் நிரப்பினோம் என்று அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னதாக மாப்பிள்ளை அப்பாவிடம் போனில் சொன்னார். அப்படியென்றால் நீ கேட்டிருந்தால் போதும். நான் உன்னைக் கேட்க விடவில்லை.

மாடி அறைக் கதையைச் சொல்கிறேன். மூன்று அறையில் மூன்று திருநெல்வேலிப் பையன்கள் குடியிருக்கிறார்கள், மூவரும் கார் கம்பெனியில் வேலை. மூத்தவன் பிச்சையா, நடுவில் இசக்கிபாண்டி, புதிதாக வந்தவன் மாரிராஜ். வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கியபோது அறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பேச்சு வந்தது. எனக்கு அந்தத் தாள்கள் தலைக்குள்ளேயே இருந்தன, ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதித் தாருங்கள், ஒரே அறையை இருவர் கேட்டால் மூத்தவருக்கு என்றேன். பிச்சையா மாடிப்படி அறையை முதலில் எழுதினான், இசக்கி தண்ணீர்த் தொட்டி அறையை எழுதினான், மாரிராஜ் தெருப்பக்கத்து அறையை எழுதினான். மூவருக்கும் எழுதியதே கிடைத்தது. காற்று வருகிற தெருப்பக்கம் கடைக்குட்டிக்குப் போனதைப் பார்த்து இசக்கியின் முகம் சுருங்கிவிட்டது. நானும் அதுக்குத்தான் ஆசப்பட்டேன் டீச்சர், அண்ணாச்சி எழுதிருப்பாகன்னு நெனச்சேன், கெடைக்காதத எழுதி என்னத்துக்குன்னு விட்டுட்டேன் என்றான். பிச்சையா சிரிக்கிறான். ஏல கூறுகெட்டவனே, நைட் ஷிப்டு முடிச்சு வந்து பகல்ல ஒறங்குறவன் தெருச் சத்தத்துல போயி படுப்பனால, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா என்கிறான். மாரிராஜ் அதற்குள் கட்டிலை இழுத்துப் போட்டு ஜன்னலில் சட்டையைத் தொங்கவிட்டாயிற்று. மூவரும் சிரித்தார்கள். நான் கீழே இறங்கி வந்து சமையலறையில் நின்றுகொண்டேன்.

இப்போது படப்பைக் கதை. செவ்வாய்க்கிழமை அப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனேன். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது உன் மாமியார் காவேரி வந்தார். இன்னா சம்பந்தி, மூஞ்சி வாடிக்கீது, வெயிலா என்றார். பிறகு அவராகவே, நம்ம கலை போன் பண்ணுச்சே, உங்களாண்ட சொல்லல்லியா என்றார். ஜூன்ல அந்தக் குளிரூருக்குப் போவுதாமே, கொயந்தைய யாராண்ட வுட்டுட்டு டூட்டிக்குப் போறது, நீங்க வந்துருங்க அத்தேன்னு அயுதுச்சு, எங்கம்மா வராது அத்தேன்னுச்சு என்றார். போகிற போக்கில், நீங்க கணக்கு டீச்சராச்சே, நீங்கதான் பட்டியல் போட்டுக் குடுத்தீங்களாமே என்றும் ஒன்று வைத்தார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கவியா பிறந்தபோது அப்பாவைத் தனியாக விட முடியாது என்று நான் வரவில்லை, அவர்தான் ஆறு மாதம் வந்து உன்னைக் குளிப்பாட்டிச் சோறு போட்டார். அதனால் அவரை நீ மனதார முதலில் எழுதியிருந்தால் அது நியாயம், நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் எங்கம்மா வராது என்று சொன்னாயாமே, அந்த வார்த்தைதான் ஐந்து நாளாக என்னை வேறு வேலை செய்யவிடாமல் உட்கார வைத்திருக்கிறது. அது இசக்கி சொன்ன மாதிரி இருக்கிறது. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியும் இருக்கிறது. நிச்சயமாக வருகிறவரை முதல் கட்டத்தில் எழுதினாயா, வேண்டியவரை எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையை விட்டு மூன்று வருடம் அந்த ஊரில் கிடக்கும்படி செய்தவளின் முகத்தைத் தினமும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், அதுவும் ஒரு காரணம்தான். அதையும் நீ சொல்லலாம். மாப்பிள்ளை போட்ட சிவப்புக் கோட்டை நான் தாங்கிக்கொண்டேன், உன்னுடையதையும் தாங்கிக்கொள்வேன்.

அந்த ஊருக்குப் போவதா, எல்லாவற்றையும் முறித்துக்கொண்டு வீட்டில் இருப்பதா என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. இனிமேல் எனக்கு யோசனை சொல்லாதே என்று நீ போனை வைத்தாய், அதற்குக் கட்டுப்படுகிறேன். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு என்பது மட்டும் யோசனையில் சேராது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். ஏப்ரலிலேயே நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன், போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. படத்தில் திருடியைப்போல இருக்கிறேன் என்று அப்பா சொல்கிறார். அவர் தனியாகச் சோறு வடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார், இரண்டு நாள் குழைந்தது, மூன்றாம் நாள் சரியாக வந்தது. நான் வருவேனா மாட்டேனா என்று நீ கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, அது என் பக்கத்துப் பட்டியல், அதில் உன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் கவியாக் குட்டிக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தொலைவில் இருந்தாலும் ஒருவர் மனதில் ஒருவர் குறையாமல் இருக்க வேண்டும். பதில் போட மறக்காதே. ஒரு துண்டுக் காகிதம் போதும், காவேரி பெயரையும் என் பெயரையும் உன் மனதில் இருக்கிற வரிசையிலேயே எழுது. நான் இரண்டாவது என்றால் இரண்டாவதாகவே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. சுந்தராம்பாள்