களத்தோரம் கழட்டி வச்ச செருப்பு

மாமா,

இன்னைக்குச் சாமை புடைச்சேன். தூசி மூக்குல ஏறினதும் உன் ரப்பர் செருப்பை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு அதைத்தான் கொண்டு போறேன்.

கரண்டு லைன் வேலைக்குக் கெளம்பும்போது அதைத் தட்டிக் காட்டுவ. "உன் தாலியவிட இதுதான்டி என்னைக் காப்பாத்துது."

"அப்ப அதையே சோறாக்கிப் போடச் சொல்லு."

பெரிய வூட்டுக்காரன் களத்தைச் சுத்தி வட்டமா இரும்புக் கம்பி வேலி கட்டினான். நடுவுல மாடு கட்டிச் சுத்துறதுக்கு இரும்பு பைப்பு நட்டு, அது மேலயே லைட்டுக்கு வயர் இழுத்தான். நீ அன்னைக்கே அவன்கிட்ட சொன்ன.

"வயர் தேஞ்சா பைப்புல கரண்டு ஏறும். அப்ப பைப்பு மலை உச்சி, வேலி அடிவாரம். நடுவுல ஈர மண்ணு பூரா சரிவு. மாட்டுத்தடத்தோட சுத்தினா ஒரே மட்டம், பயமில்ல. பைப்பைப் பார்த்து நேரா நடந்தா ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துல. உடம்பு வழியாத்தான் எறங்கும். கிட்டப் போகப் போகச் சரிவு செங்குத்துங்க."

"கம்பம் ஏர்றவன் எனக்குப் பாடம் எடுக்குறியா?"ன்னு சிரிச்சான். அஞ்சாவது படிச்ச எனக்கே புரிஞ்சுது.

மழை பெஞ்ச மறுநாள் காலையில அவனே கூப்பிட்டான். "பைப்பு சுர்ருங்குது, வந்து பாரு. மெயினை நிறுத்திட்டேன்." அவன் வாயை நம்பின. சாமை கெடக்கிற களத்துல செருப்போட ஏறினா பாவம்னு நம்ம ஆளுங்க யாரும் ஏற மாட்டோம். நீயும் ஓரமாக் கழட்டி, ஜோடியா வச்சுட்டுப் போன.

நான் கஞ்சி எடுத்துட்டு வரும்போது, அதே மெயின்ல இருக்கிற அவன் கெணத்து மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு. நீ பைப்புக்கு ரெண்டு எட்டு இப்பால கெடந்த.

இப்ப சொல்றான், குடிச்சுட்டு வயரைப் புடிச்சியாம். உன் கையைக் கழுவினவ நான். ஒரு காயம் இல்ல. ரெண்டு உள்ளங்காலும்தான் வெந்து கெடந்துச்சு.

நேத்து அவன் தம்பி வந்தான். "இன்னாத்துக்குமா கோர்ட்டு? போனவரு வருவாரா?"

"வரமாட்டாரு. உங்க அண்ணன் உள்ள போவாரு இல்ல?"

எழுந்து போய்ட்டான்.

கும்பிட்டு அழுவேன்னு நெனைக்கிறாங்க. அழ மாட்டேன், மாமா. செருப்பை ஜட்ஜு முன்னால வப்பேன். பைப்பு எங்க, வேலி எங்க, நீ எந்த வட்டத்துல எந்தக் காலை வச்சன்னு தரையில போட்டே காட்டுவேன்.

அவன் உள்ள போற அன்னைக்கு, சாமை கொட்டிக் கெடந்தாலும் சரி, உன் செருப்பை மாட்டிக்கிட்டு அந்தக் களத்துல ஏறுவேன். மாட்டுத்தடத்துல இல்ல. நேரா, குறுக்கால, பைப்பு வரைக்கும். பாவம்னா என்னோட இருக்கட்டும்.